பிரீனா டீச்சரும் பனச்சவிளை பஸ்ஸும்

பனச்சவிளைக்கு வேலைக்கு வந்த புதிதில், மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தும், பிரீனாவின் அறைக்குள் கால் வைத்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வீடு மாறி வந்த குக்கர் ரிப்பேர்காரர். இன்னொருவர் ரப்பர் சொசைட்டியின் செயலாளர். அவரும் அறையில் எலித் தொல்லை உண்டா என்று பார்த்துப் போகத்தான் வந்தார்.

குலசேகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கிற ஊர் அது. வெளுக்கும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, தாங்களாகவே சாயா போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ளூரில் படிக்கலாம். அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் பஸ் ஏற வேண்டும். மனசுக்குத் தீனம் என்றால் பார்க்க அந்தப் பக்கத்தில் ஒருவரும் கிடையாது. அதனால்தான் ஒரு சிறு அறக்கட்டளை, ஷீட் அடுக்கி வைத்திருந்த பழைய சொசைட்டி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, பிரீனாவைக் கொண்டுவந்து உட்கார்த்தியது. எவ்வளவு வெள்ளையடித்தும் ரப்பர் ஷீட்டின் புகைமணம் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள். ‘இளையோர் மனநல ஆலோசனை மையம்’ என்று பச்சை எழுத்து. மறுநாளே சாயாக்கடையில் அதற்கு ‘பிராந்து ஆபீஸ்’, அதாவது பைத்தியக்கார ஆபீஸ், என்று பேர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் ரோட்டின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தார்கள். பையன்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு கடந்தார்கள்.

பிரீனாவின் கணவன் எபிசன் நெய்யூரில் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். எரிந்துபோன தண்ணி மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிற வேலை. சாயங்காலம் அவள் சோர்ந்துபோய் வருவதைப் பார்த்து, “எனக்க கடைக்கு மோட்டார் எரிஞ்சா ஆளு வரும். உனக்க கடைக்கு எரிஞ்சாலும் வரமாட்டாவ போல இருக்கே,” என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அம்மா ஞானபாய்க்கு முந்திரி ஆலையில் வேலை. ஊர்ப் பேச்சில் அண்டியாபீஸ். பள்ளி விடுமுறை நாட்களில் பிரீனா அம்மாவோடு போய் மூலையில் உட்கார்ந்திருப்பாள். பருப்பு உடைக்கிற பெண்கள் கையை நிறுத்தாமலே வீட்டுக் கதை, மாமியார் கதை, அழுகை, சிரிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டுவார்கள். பேசி முடித்த பிறகு அவர்களுடைய முகம் கொஞ்சம் தெளிந்திருப்பதை அவள் அந்த வயதிலேயே கவனித்திருக்கிறாள். பிற்பாடு உளவியல் படித்தாள். பெங்களூரில் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆட்களின் துயரத்தைக் கேட்டாள். நல்ல சம்பளம், ஏசி அறை. ஆனால் அழுகிறவர்களின் முகம் ஒருநாளும் தெரியாது. போனை வைத்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியாது. கல்யாணம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, இனி முகம் பார்த்துத்தான் பேசுவது என்று முடிவு செய்திருந்தாள். பனச்சவிளையிலோ முகத்தைக் காட்டத்தான் ஒருத்தரும் தயாராக இல்லை.

வழி காட்டியது மொபைல் டவர்.

ஊரில் எங்குமே சரியாக சிக்னல் கிடைக்காது. மரமும் மேடும் மறைத்துவிடும். ஆனால் பிரீனாவின் அறைக்கு முன்னாலிருந்த வராந்தாவில் மட்டும் எப்படியோ முழுசாகக் கிடைத்தது. போர்டைப் பார்த்து விலகிப் போகிற பையன்கள், வெளிநாட்டிலிருக்கிற அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டுமென்றால் அங்கே வந்துதான் நின்றார்கள், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த முதுகுகளைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் பிரீனா. ஒருநாள் எழுந்துபோய் போர்டைக் கழற்றி உள்ளே வைத்தாள். எபிசனைக் கூட்டிவந்து வராந்தாவில் இரண்டு பெஞ்சும், சார்ஜ் போட வரிசையாகப் பிளக்கும் வைக்கச் சொன்னாள். கதவைத் திறந்தே போட்டாள்.

ஒரே வாரத்தில் வராந்தா நிறைந்துவிட்டது. காலேஜ் பிள்ளைகள் அசைன்மென்ட் அனுப்ப வந்தார்கள், பையன்கள் கிரிக்கெட் பார்க்க வந்தார்கள். பிரீனா அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. சில நேரம் தானும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் அவளை டீச்சர் என்று கூப்பிடப் பழகினார்கள்.

முதலில் வாய் திறந்தவன் ஜெபிஷ். மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிற இளைஞன். ஒருநாள் போனைப் பார்த்தபடியே, “டீச்சரே, ஒரு டவுட்டு. எனக்க கூட்டுக்காரன் ஒருத்தனுக்கு உறக்கம் வரமாட்டேங்குது,” என்றான். அந்த நண்பன் யாரென்று அவளுக்குப் புரிந்தது. காட்டிக்கொள்ளாமல் அந்தக் கூட்டுக்காரனைப் பற்றியே அக்கறையாக விசாரித்தாள். பிறகு சில வாரங்கள் அவர்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து கூட்டுக்காரனைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஒருநாள் ஜெபிஷ் வந்து, கூட்டுக்காரன் இப்போது நன்றாக உறங்குகிறான், தேங்க்ஸ் சொல்லச் சொன்னான் என்று சொல்லிவிட்டு, வெட்கத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அதிலிருந்து ‘சிக்னலுக்குப் போறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிற பிள்ளைகள் கூடினார்கள். யார் உண்மையாகவே சிக்னலுக்கு வந்தது, யார் பேச வந்தது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் வந்தது பிள்ளை அல்ல, பூங்கனி என்ற அம்மா. கணவர் பொன்னுலிங்கம் பால்வெட்டுக்காரர். அவளும் அவரோடு தோட்டத்தில் பாலெடுக்கப் போகிறவள். கதவருகே நின்றபடி, இதயத்துக்கு இங்கே வைத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டாள். பிரீனா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மெதுவாக விசாரித்தாள். இதயத் தொல்லை பூங்கனிக்கல்ல, மகள் நந்தனாவுக்கு.

நந்தனா மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் முதல் வருடம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். ஆடி மழையில் ஒருநாள், ஷட்டரெல்லாம் இறக்கிவிட்ட பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்துப்போனது. மூச்சு முட்டியது. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்தாள். ஆற்றூரில் இறங்கி ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஆட்டோவில் போய்த்தான் கூட்டிவந்தார். அடுத்த வாரமும் அப்படியே வந்தது. அதன் பிறகு பஸ்ஸின் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. இப்போது கல்லூரியும் இல்லை, வெளியே போக்கும் இல்லை.

இசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, எக்கோவும் எடுத்தாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டார் கேஸ் டிரபிள் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், காதலாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் ஐயாவழிக் குடும்பம். பொன்னுலிங்கம் மகளைப் பதி என்கிற அவர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போய் நெற்றியில் நாமம் இட்டுவந்தார். அங்கே இருக்கிற நேரம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பதிக்கும் ஆட்டோவில்தான் போக வேண்டியிருந்தது.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எல்லாரும் சொல்லுதாவ,” என்றாள் பூங்கனி. “ஒண்ணுமில்லன்னா எனக்க மோளு எதுக்கு டீச்சரே இப்படி நடுங்குகா?”

மறுநாள் பிரீனா அவர்கள் வீட்டுக்குப் போனாள். நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று போனவளுக்கு ஆச்சரியம். நந்தனா கொல்லையில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டபடி, பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிற மாதிரி கூவிக் காட்டி அதை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வாயாடிப் பெண். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். பஸ் என்ற சொல் வந்தபோதுதான் அவள் குரல் அடங்கியது.

அடுத்த வளைவில் சவூதியிலிருந்து திரும்பிய ஒருவருடைய புதுக்கார் நிற்கும். ரப்பர் மரத்தடியில்தான் நிறுத்துவார். காய் வெடித்து ஒரு விதை மேலே விழுந்தாலும் போதும், அந்தக் காரின் அலாரம் ஊரையே கூட்டும். பிரீனா வரும்போதும் அது கத்திக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டித்தான் அவள் சொன்னாள். கார் கெட்டுப்போகவில்லை, கள்ளனும் வரவில்லை. அலாரம் மட்டும் தேவையில்லாத நேரத்தில் அடிக்கிறது. உடம்புக்குள்ளும் அப்படி ஓர் அலாரம் உண்டு. ஆபத்து வந்தால் நெஞ்சை வேகமாக அடிக்கவைத்து, ஓடுவதற்குத் தயார் செய்யும். நல்ல சாமான்தான். உனக்கு அது ரப்பர் விதைக்கெல்லாம் அடிக்கப் பழகிவிட்டது. அடித்தால் தானாகவே நிற்கும். நிற்கும் வரைக்கும் நீ அதன் பக்கத்தில் நின்றதே இல்லை. ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடிவிட்டாய்.

நந்தனா தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். “அப்பம் எனக்கு நெஞ்சு நின்னு போகாதா அக்கா?”

“போகாது மக்கா. டாக்டருமாரு பார்த்துச் சொல்லியாச்சு.”

“அப்பம் எனக்க உள்ள ஒரு சவூதிக்காரருக்க வண்டி நிக்குது,” என்று சொல்லிச் சிரித்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு மகள் அந்த விஷயத்தைப் பேசிச் சிரிப்பதைச் சமையலறைக் கதவிடுக்கில் நின்று பூங்கனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுலிங்கத்துக்கு ஒரே கேள்விதான். மருந்து உண்டா என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள் பிரீனா. அப்படியானால் என்ன செய்வீர்கள் என்றார். பஸ்ஸில் ஏற்றுவேன் என்றாள். அதுதானே அவளுக்கு ஆகாதது என்று அவர் பதறினார். அதனால்தான் என்றாள் பிரீனா. பொன்னுலிங்கம் மனைவியைப் பார்த்தார். பூங்கனி தலையசைத்தாள்.

முதலில் அவர்கள் பஸ் நிறுத்தம் வரைக்கும் மட்டும் போனார்கள். பஸ் வந்தது, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. இவர்கள் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். நந்தனாவின் கை ஜில்லென்று இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் பஸ்ஸைப் பார்த்து அவளுக்குக் கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவிக்காக பிரீனா அவளுக்கு சாயாக்கடையில் ஏத்தம்பழ வடை வாங்கிக் கொடுத்தாள்.

மார்த்தாண்டத்திலிருந்து வருகிற பஸ் பனச்சவிளையில் திரும்பி, டிரைவரும் கண்டக்டரும் சாயா குடிக்கிற நேரம் வரை நிற்கும். அந்தக் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பழகுவது அடுத்த படி. அதற்குக் கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். கண்டக்டர் ஜெயசிங் பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர். அவரிடம் என்ன சொல்வது என்று பிரீனா நந்தனாவிடமே கேட்டாள். எதுவும் சொல்லாமல் இருக்கலாம், வேறு காரணம் சொல்லலாம், எது வேண்டுமானாலும் அவள் இஷ்டம் என்றாள்.

நந்தனா அவரிடம் நேராகப் போய்த் தன் பயத்தைச் சொன்னாள். “அண்ணே, எனக்கு பஸ்ஸுல பேடி வரும். பழகுகதுக்கு வந்திருக்கேன்.”

ஜெயசிங் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வண்டி சும்மாதானே நிக்குது. போய் இருந்து பழகு,” என்றார். பிறகு பின்னால் கூப்பிட்டு, ஜன்னலோரம் மூன்றாவது சீட்டில் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலி பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம், அதிலிருந்து இரண்டு, அப்புறம் குலசேகரம் வரைக்கும். பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்பதால் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏறி, திரும்பி வந்து என்று இருவரும் ஊஞ்சலாடுகிற மாதிரி போய்வந்தார்கள். ஜெயசிங் ஒவ்வொரு தடவையும் கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “இன்னிக்கு எதுவரைக்கும்?” என்று மட்டும் கேட்பார். அலாரம் சில நாள் அடித்தது, சில நாள் அடிக்கவில்லை. அடிக்கும்போது நந்தனா பிரீனாவின் காதில், “சவூதிக்காரர் வந்துட்டாரு,” என்பாள். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவர் போகும்வரை காத்திருப்பார்கள்.

ஒருநாள் மார்த்தாண்டம் வரைக்கும் முழுசாகப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினார்கள். அது முகூர்த்த நாள் என்பதை பிரீனா கவனிக்கவில்லை. குலசேகரத்தில் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற கூட்டம் மொத்தமாக ஏறியது. பட்டுச்சேலையும் பிச்சிப்பூவும் வியர்வையுமாக பஸ் பிதுங்கியது. அது போதாதென்று மழை பிடித்தது, ஷட்டர்கள் இறங்கின. பிரீனா நந்தனாவின் பக்கம் திரும்பினாள். ஆடி மழையில் நடந்தது அப்படியே திரும்பி நடந்துகொண்டிருந்தது, தானே திட்டம் போட்டுக் கொண்டுவந்த மாதிரி. நந்தனாவின் முகம் வெளுத்துவிட்டது. முன்சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சவூதிக்காரர் என்று சொல்லக்கூட வாய் எழவில்லை.

ஜெயசிங் கூட்டத்துக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன், உதவத்தான் நினைத்தார். ஆனால் அவருடைய உதவியும் அவர் குரலளவுக்குப் பெரிதாக இருந்தது. “அந்தப் பிள்ளைக்கு காத்து விடுங்கோ. பிள்ளைக்கு பஸ்ஸுன்னா பேடி,” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பிரீனாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஊரார் என்ன சொல்வார்கள் என்று மாதக்கணக்கில் மூடிக் காத்த விஷயம், அத்தனை பேர் முன்னால் கிடந்தது. ஜெயசிங் விசிலை வாயில் வைத்து, இறக்கிவிடவா என்று கண்ணால் கேட்டார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று பிரீனாவுக்குத் தெரியும். நந்தனாவைப் பார்த்தாள்.

நந்தனா கண்ணை மூடித் திறந்தாள். “வேண்டாம் அண்ணே,” என்றாள் மெல்லிய குரலில். “வண்டி போகட்டு.”

பஸ் போனது. பக்கத்தில் காலி மீன்சருவத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் பேசினாள். பெயர் லீமாரோஸ். முட்டத்திலிருந்து மீன் கொண்டுவந்து குலசேகரம் சந்தையில் விற்றுவிட்டுப் போகிறவள்.

“பிள்ளே, நீ பஸ்ஸுக்குத்தான் பேடிக்க. நான் முட்டத்துல பிறந்தவ, எனக்க மாப்பிள்ளை கடல்ல போறவரு. எனக்குக் கடலைக் கண்டா பேடி. இந்த வயசு வரைக்கும் காலு நனைச்சது கிடையாது,” என்றாள்.

பஸ்ஸில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லீமாரோஸ் கோபப்படவில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன், கரையில் நின்று மீனை வாங்கி, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன் என்று விளக்கினாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண், தனக்கு லிஃப்ட் ஆகாது, மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடைக்குப் போனால் மேல்மாடி வரைக்கும் படியேறித்தான் போவதாகச் சொன்னாள். அவள் கணவர், அந்தப் படிகளெல்லாம் தானும் சேர்ந்து ஏறிய கதையைச் சொன்னார். பின்சீட்டில் ஏர்பேக்கோடு இருந்த ஒருவர் பல வருடம் குவைத்தில் இருந்தவராம். “பிளேன் மேல ஏறும்போ கண்ணை இறுக்கி மூடிப்பேன். பக்கத்துல இருக்கது அரபியா இருந்தாலும் கையைப் பிடிச்சிருவேன்,” என்றார். ஒரு தடவை அந்த அரபியும் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாராம். இப்போது பஸ் முழுக்கச் சிரித்தது. ஊசி, நாய், இடி, மேடைப்பேச்சு என்று ஒவ்வொருவரும் தத்தம் பயத்தை எடுத்துவிட்டார்கள். முறுக்கு மீசை வைத்த டிரைவர் கூட ரோட்டைப் பார்த்தபடியே, பல்லி இருந்தால் அந்த அறையில் தான் படுக்கமாட்டேன் என்று கத்திச் சொன்னார்.

அந்தக் கலகலப்புக்கு நடுவே பிரீனா பக்கத்தில் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்திருந்தது. நந்தனாவின் கன்னத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவள் லீமாரோஸிடம், கடலில் எதைப் பார்த்துப் பயம், அலையா, ஆழமா என்று மும்முரமாக விசாரித்துக்கொண்டிருந்தாள். திருவட்டாறில் லீமாரோஸ் இறங்கியபோது, கிறிஸ்துமஸுக்கு முட்டம் வர வேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துவிட்டுப் போனாள்.

மார்த்தாண்டத்தில் இறங்கியதும் நந்தனா மேம்பாலத்துக்கு அடியில் நின்று அந்தப் போக்குவரத்து நெரிசலையும் ஹாரன் சத்தத்தையும் ஏதோ திருவிழாவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு பிரீனாவைப் பார்த்து, “அக்கா, அது முழுசும் வந்தது. நான் இறங்கல்ல,” என்றாள். பிரீனா அவளை எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனாள். இருவரும் நன்னாரி சர்பத் குடித்தார்கள்.

ஜெயசிங் மறுநாள் வருத்தம் தெரிவிக்க வராந்தாவுக்கே வந்தார். அங்கிருந்த நந்தனா அவருக்கு முந்திக்கொண்டு, இனிமேல் அறிவிப்பு கொடுப்பதானால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றாள். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

அடுத்த பருவம் தொடங்கியதும் நந்தனா கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். தனியாகப் போன முதல் நாள் பிரீனாவுக்கு வேலை ஓடவில்லை. போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். கடைசியில் அழைப்பு வந்தது. ஆற்றூர் பக்கத்தில் லேசாக வந்தது, வந்த வழியே போய்விட்டது, இப்போது வகுப்புக்குப் போகிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று படபடவென்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். பிரீனா நெடுநேரம் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், யார் அவுட்டானதற்கு டீச்சர் சிரிக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் எபிசன், முகம் இவ்வளவு பிரகாசமாக இருக்கிறதே, என்ன விசேஷம் என்று கேட்டான். பிள்ளைகள் சொல்வதை அவள் வீட்டில் சொல்வதில்லை. அது அவனுக்கும் தெரியும். “ஒரு மோட்டார் ஓடிச்சு,” என்றாள். எபிசன் அரைக்கிலோ சாளை மீன் வாங்கிவந்து தானே பொரித்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நந்தனாவும் கல்லூரித் தோழிகள் சிலரும் முட்டத்துக்கு பஸ் மாறி மாறிப் போனார்கள். பிரீனாவும் எபிசனும் நெய்யூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். லீமாரோஸ் வீட்டில் அப்பமும் கோழிக்கறியும். சாப்பிட்ட பிறகு எல்லோரும் பாறைகளுக்குக் கீழே இறங்கிப்போனார்கள். லீமாரோஸ் வழக்கம் போல மேலேயே நின்றுகொண்டாள். நந்தனா பாதி தூரம் திரும்பி ஏறிவந்து அவள் பக்கத்தில் நின்றாள். வா என்று இழுக்கவில்லை. இன்றைக்கு எதுவரைக்கும் என்று கேட்டாள். லீமாரோஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், ஒரு பாறையைக் காட்டி அதுவரைக்கும் என்றாள். அதுவரைக்கும் போனார்கள். அங்கிருந்து இன்னொரு பாறை. ஒரு சின்ன அலை நுரையாக வந்து பெருவிரலைத் தொட்டபோது லீமாரோஸ் போட்ட கூச்சலில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஓடிவந்தார். நனைந்த பெருவிரலை அவரிடம் தூக்கிக் காட்டினாள் அவள். மனுஷனுக்கு நம்ப முடியவில்லை.

தை பிறந்து ஒருநாள், மத்தியான வேளையில் பூங்கனி அறைக்கு வந்தாள். நந்தனாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து பிரீனா எழுந்தாள். பூங்கனி உள்ளே வந்து, எப்போதும் திறந்தே கிடக்கிற கதவைத் தானே சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் பால் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மோளு நல்லா இருக்கா டீச்சரே. இப்பம் எனக்குக் கொஞ்சம் பேசணும்,” என்றாள்.

பிரீனாவுக்கு அறக்கட்டளையின் விதி நினைவுக்கு வந்தது. “அக்கா, இது இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கான இடம்,” என்றாள் தயங்கி.

பூங்கனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எனக்க வயசு இப்பம் யாரு கேட்டா?”

பிரீனா சிரித்துவிட்டாள். பூங்கனியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பிரீனா போனை அணைத்து வைத்தாள். தன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க அக்கா.”